முதுகு நிமிரட்டும்... மனசும்தான்!

"ஏண்டி கோணலா நிக்கிற? நேரா நில்லு!"

பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்த அதட்டல் கேட்காத நாளே இருக்காது. பெரும்பாலும் அது சோம்பல்தான். ஆனால் சில பிள்ளைகளுக்கு எவ்வளவு அதட்டினாலும் நேராக நிற்க வராது. காரணம், முதுகெலும்பே பக்கவாட்டில் வளைந்திருக்கும். இதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். பக்கவாட்டு முதுகு வளைவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வளரும் பருவப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்த வளைவு ஓரளவு இருக்கிறது. பயந்துவிடாதீர்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படாது. ஒலிம்பிக்கில் தங்கமாக அள்ளிய ஓட்டக்காரர் உசேன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ் உண்டு! சிலருக்கு மட்டும்தான் வளைவு வளர்ந்துகொண்டே போய், அறுவை சிகிச்சை வரை கொண்டுவந்து நிறுத்தும்.

அந்தச் சிலரில் உங்கள் பிள்ளையும் ஒன்று என்றால்? டாக்டர் செய்வது சில மணி நேர வேலை. அதற்கு முன்னும் பின்னுமாக ஒரு வருஷ வேலை உங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அம்மா பார்க்காத முதுகு

குழந்தையாக இருக்கும்போது வெள்ளிக்கிழமை தவறாமல் முதுகில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருப்பீர்கள். பத்து வயதானதும், "நானே குளிச்சுக்கிறேன்மா" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். நியாயம்தான். ஆனால் அந்த வயதில்தான் இந்த வளைவு தலைகாட்டுகிறது. சட்டென்று உயரம் கூடுகிற அந்த ஒன்றிரண்டு வருஷங்களில், அதாவது பெண் வயதுக்கு வருவதற்குச் சற்று முன்பும் பின்பும், அது வேகமாக வளரும். வலியும் அவ்வளவாக இருக்காது. அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. பல வீடுகளில் முதலில் கண்டுபிடிப்பவர் டெய்லர்தான்! "என்னம்மா, அளவு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குதே?" என்பார்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். பிள்ளையை முதுகு தெரியும்படி நிற்கச் சொல்லுங்கள். பாதங்கள் சேர்ந்திருக்கட்டும். முழங்கால் மடங்கக் கூடாது. இரு கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டு, மெதுவாகக் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து முதுகின் மட்டத்துக்கு உங்கள் கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்க விலா மட்டும் மேடாகத் தெரிகிறதா? நிமிர்ந்து நிற்கும்போது ஒரு தோள் தூக்கலாக இருக்கிறதா? இடுப்பு வளைவு ஒரு பக்கம் ஆழமாகவும் மறு பக்கம் தட்டையாகவும் இருக்கிறதா? இருந்தால் எலும்பு சிகிச்சை டாக்டரிடம் காட்டுங்கள். இந்தக் குனியும் சோதனையை 1865-ல் லண்டன் டாக்டர் வில்லியம் ஆடம்ஸ் சொல்லி வைத்தார். இன்றைக்கும் டாக்டர்கள் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான்.

டிகிரி கணக்கு

நிற்க வைத்து முழு முதுகையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் வளைவை அளந்து டிகிரியில் சொல்வார்கள். இதை வகுத்தவர் அமெரிக்க டாக்டர் ஜான் காப். 1948-லிருந்து இதற்குக் 'காப் கோணம்' என்றே பெயர். 10 டிகிரியைத் தாண்டினால்தான் ஸ்கோலியோசிஸ். 25 டிகிரி வரை பெரும்பாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தால் போதும். 25-லிருந்து 40 வரை இருந்து, பிள்ளைக்கு இன்னும் வளர்ச்சி பாக்கி இருந்தால் 'பிரேஸ்' என்கிற கவசம் போடுவார்கள்.

விருத்தாசலம் பக்கத்துக்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். களிமண் ஈரமாக இருக்கும்போதுதான் அச்சு அதைப் பிடிக்கும். சூளையில் வெந்த பிறகு அச்சில் வைத்து என்ன பிரயோஜனம்? பிரேஸும் அப்படித்தான். வளர்ச்சி முடிவதற்குள் போட்டால்தான் பலன். அதுவும் இருக்கிற வளைவை நிமிர்த்துவதற்கல்ல, மேலும் வளையாமல் தடுப்பதற்கு. 2013-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிரேஸ் போட்ட பிள்ளைகளில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியைத் தொடாமலே வளர்ச்சி முடிந்தது. போடாதவர்களில் அது 48 சதவீதம்தான். ஒரு நாளில் அதிக மணி நேரம் போட்டவர்களுக்குப் பலனும் அதிகம்.

45, 50 டிகிரியைத் தாண்டினால்தான் ஆபரேஷன் பேச்சு வரும். "வளர்ச்சி முடிஞ்சிட்டா அப்படியே நின்னுடாதா டாக்டர்?" என்று கேட்பீர்கள். சின்ன வளைவு பெரும்பாலும் நின்றுவிடும். 50-ஐத் தாண்டியது வளர்ந்த பிறகும் வருஷத்துக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் கூடிக்கொண்டே போகலாம். இருபது வருஷக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மார்புப் பகுதி வளைவு மிகப் பெரிதானால் நுரையீரலுக்கு இடம் குறைந்து மூச்சு வாங்கும். ஆக, இது வெறும் அழகுப் பிரச்னை இல்லை.

'யார் பண்ணின தப்பு?'

டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்ததும் முதலில் எழுகிற கேள்வி இதுதான். "புத்தகப் பையைத் தூக்கித் தூக்கி இப்படி ஆயிடுச்சு", "நான் சரியாப் பால் குடுக்கலையோ", "சின்ன வயசுல கீழ விழுந்தாளே"... அம்மா அழுவார். அப்பா பேசாமல் இருப்பார்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வளைவு எதனால் வந்தது என்று மருத்துவத்துக்கே தெரியாது. சில குடும்பங்களில் பரம்பரையாக வருவது உண்டு. ஆனால் புத்தகப் பை காரணம் இல்லை. கால்சியம் குறைவு காரணம் இல்லை. கோணலாக உட்கார்ந்ததும் காரணம் இல்லை. உங்கள் மேல் தப்பில்லை, உங்கள் மாமியார் மேலும் தப்பில்லை! பிள்ளை மேல் தப்பில்லவே இல்லை. எத்தனையோ நாள் "நேரா நில்லு" என்று திட்டு வாங்கியவளுக்கு, இதை அப்பா வாயால் கேட்பது பெரிய மருந்து.

எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிவிடும், இழுத்துக் கட்டினால் நிமிர்ந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். 50 டிகிரி வளைவு நீவினால் நிமிராது. அந்த அலைச்சலில் போவது பணம் மட்டுமில்லை, வளைவு சின்னதாக இருக்கும் காலமும்தான்.

பாட்டியின் இரண்டு கேள்விகள்

ஆபரேஷன் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். ஒன்று சத்தமாக: "முதுகுல கத்தி வெச்சா காலு வராதாமே?"

இது நியாயமான பயம். தண்டுவடம் அங்கேதானே இருக்கிறது! ஆனால் இன்றைக்கு ஆபரேஷன் நடக்கும் நேரம் முழுக்க, மூளைக்கும் கால்களுக்கும் இடையே சமிக்ஞை ஒழுங்காகப் போய் வருகிறதா என்று கருவி மூலம் கண்காணிக்கிறார்கள். ஏதாவது மாறினால் டாக்டருக்கு உடனே தெரிந்துவிடும். காரணம் தெரியாத வகை வளைவுக்குச் செய்யும் ஆபரேஷனில் நரம்பு பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகிறது. குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. அதை மறைக்காமல் சொல்கிற டாக்டரை நம்புங்கள்.

இரண்டாவது கேள்வி ரகசியமாக, சமையலறையில்: "இவளை யாரு கட்டிப்பாங்க?"

ரகசியம் என்று நினைக்காதீர்கள். அது பக்கத்து அறையில் படுத்திருக்கும் பெண்ணின் காதில்தான் முதலில் விழுகிறது. பதில் இதோ: இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், குழந்தை பெறுகிறார்கள். பலருக்குச் சுகப்பிரசவமே ஆகிறது. பிரசவத்தின்போது மயக்க மருந்து டாக்டரிடம் பழைய எக்ஸ்ரேயைக் காட்டிவிட்டால் போதும்.

ஒரு கல்யாணக் கதை

1990-ல் பிறந்த இங்கிலாந்து இளவரசி யூஜெனி, எலிசபெத் ராணியின் பேத்தி. அரண்மனைப் பிள்ளைக்கும் முதுகு வளைந்தது! 2002-ல், 12 வயதில், லண்டனில் உள்ள ராயல் நேஷனல் எலும்பு சிகிச்சை மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனது. எட்டு மணி நேரம். முதுகெலும்பின் இருபுறமும் டைட்டானியம் கம்பிகள். மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, ஒரு வாரம் வார்டு, ஆறு நாள் சக்கர நாற்காலி. அதன் பிறகு நடந்தார்.

2018 அக்டோபர் 12-ம் தேதி விண்ட்சர் அரண்மனைத் தேவாலயத்தில் அவருக்குக் கல்யாணம். உலகமே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருக்க, முதுகுத் தழும்பு தெரியும்படி வெட்டிய கவுனைக் கேட்டு வாங்கி அணிந்து வந்தார். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அம்மா சாரா யாரிடமாவது தழும்பைக் காட்ட நினைத்தால், முதலில் மகளிடம் "காட்டட்டுமா?" என்று அனுமதி கேட்பாராம். பிறகு பெருமையோடு காட்டுவாராம். மறைக்க வேண்டியது என்று நினைத்த தழும்பு, அம்மாவின் பார்வையில் பதக்கமாக மாறிவிட்டது.

அரண்மனை வசதி நமக்கு இல்லை. ஆனால் அந்த அனுமதி கேட்கிற மனசுக்குக் காசு எதற்கு? பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். "சும்மா ஒரு டெஸ்ட்டுக்குப் போறோம்" என்று அழைத்துப் போய்ப் படுக்க வைக்காதீர்கள். வலிக்கும், ஆனால் மருந்து உண்டு என்று சொல்லுங்கள். டாக்டரிடம் கேட்க அவளுக்கும் கேள்விகள் இருக்கும். ஒரு தாளில் எழுதி எடுத்து வரச் சொல்லுங்கள்.

வேப்பூரிலிருந்து கிளம்பும் முன்...

வேப்பூர் மாதிரி ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கவலை. எக்ஸ்ரே விருத்தாசலத்திலேயே எடுத்துவிடலாம். ஆபரேஷனுக்குச் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., கோவை கங்கா என்று பெரிய மருத்துவமனைகளைத் தேடித்தான் போக வேண்டும். அதனால் திட்டம் முக்கியம்.

டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: இதே ஆபரேஷனை அடிக்கடி செய்கிறீர்களா? நரம்புக் கண்காணிப்புக் கருவி உண்டா? எத்தனை எலும்புகளை இணைப்பீர்கள்? மொத்தச் செலவு எவ்வளவு? இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதில் தயங்க வேண்டாம். அவசர ஆபரேஷன் இல்லை இது. ஆனால் வருஷக்கணக்கில் தள்ளிப் போடுவதற்கும் இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள். அரசு ஊழியர் என்றாலோ, தனியார் பாலிசி எடுத்திருந்தாலோ, ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். ரத்தம் கொடுக்க யார் யார் வருவார்கள் என்று கேட்டு வையுங்கள். பிள்ளைக்கு ரத்தசோகை இருந்தால் முன்னதாகவே டாக்டர் சொல்படி இரும்புச்சத்து மாத்திரை தொடங்கலாம். முடிந்தால் ஆபரேஷனைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியரையும் ஒரு நடை பார்த்துப் பேசிவிடுங்கள்.

ஆபரேஷனும் அடுத்த நாட்களும்

குப்புறப் படுக்க வைத்து, முதுகின் நடுவே கீறி, எலும்புகளில் திருகாணிகளைப் பொருத்தி, இரண்டு கம்பிகளால் வளைவை இழுத்து நிமிர்த்துவார்கள். எலும்புத் துகள்களை மேலே பரப்புவார்கள். அது மாதக்கணக்கில் ஒட்டி, ஒரே எலும்பாகச் சேரும். அதுவரை கம்பி தாங்கிப் பிடிக்கும். சேர்ந்த பிறகும் கம்பியைப் பொதுவாக எடுப்பதில்லை. பல பிள்ளைகள் ஒன்றிரண்டு அங்குலம் உயரமாகவே எழுந்து நிற்பார்கள்!

முதல் இரண்டு மூன்று நாள் கஷ்டமானவை. வலி இருக்கும். "பொறுத்துக்கோ கண்ணு" என்று சொல்லாதீர்கள். நர்ஸைக் கூப்பிடுங்கள். வலி குறைந்தால்தான் அவள் ஆழமாக மூச்சு விடுவாள், எழுந்து நடப்பாள். பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உட்கார வைத்து நிற்க வைப்பார்கள். "இவ்வளவு பெரிய ஆபரேஷன் ஆன பிள்ளையை நடக்க வைக்கிறாங்களே" என்று ஃபிசியோதெரபிஸ்ட்டோடு சண்டைக்குப் போக வேண்டாம். அதுதான் சிகிச்சை. திரும்பிப் படுக்கும்போது தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில், உருளைக்கட்டை உருள்வது மாதிரி திரும்ப வேண்டும். அதை நர்ஸிடம் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். வலி மருந்தால் மலச்சிக்கல் வரும். டாக்டர் சாப்பாடு தரச் சொன்னதும் தண்ணீர், பழம், கீரை என்று கொடுங்கள்.

நான்காம் ஐந்தாம் நாள் காரணமில்லாமல் அழுவாள். எரிந்து விழுவாள். "உடம்பு என்னோடது மாதிரியே இல்லம்மா" என்பாள். பயப்படாதீர்கள். பல பிள்ளைகளுக்கு இப்படி ஆகும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டால் போதும்.

வீடு திரும்பும் பயணத்தில் அவசரம் வேண்டாம். முன் சீட்டைச் சாய்த்து, தலையணை வைத்து, மணிக்கு ஒருமுறை காரை நிறுத்தி நாலடி நடக்க வையுங்கள்.

வீட்டில் முதல் ஆறு வாரம்

தரையில் பாய் வேண்டாம். கால் தொங்கவிட்டு எழுந்திருக்கிற உயரத்தில் கட்டில் வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை என்றால், மேலே வைத்துக்கொள்ளும் நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். புண் ஆறும்வரை தண்ணீர் படக் கூடாது, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் குளியலுக்கு டாக்டர் சொல்லும்வரை லீவு! குனிவது, முறுக்குவது, தண்ணீர்க் குடம் தூக்குவது கூடாது. நடை மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடட்டும்.

இவற்றில் ஏதாவது தெரிந்தால் 'காலையில பாத்துக்கலாம்' என்று இருக்கவே கூடாது: காய்ச்சல், தையலில் நீர், சீழ், சிவப்பு, காலில் பலமின்மை அல்லது மரத்துப்போதல், சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போதல், கெண்டைக்காலில் வீக்கம், மூச்சுத் திணறல். உடனே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். மூச்சுத் திணறல் என்றால் பக்கத்து மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆளுக்கொரு பயங்கரக் கதையும் கொண்டுவருவார்கள். வாசலிலேயே அன்பாகச் சொல்லிவிடுங்கள்: "அவகிட்ட ஸ்கூலைப் பத்தி, சினிமாவைப் பத்திப் பேசுங்க." தழும்பைப் பார்க்கக் கேட்டால், காட்டுவதா வேண்டாமா என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால், அவனுக்கென்று தினமும் அரை மணி ஒதுக்குங்கள். இத்தனை நாளும் யாரும் கவனிக்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான்.

பீங்கான் பொம்மை இல்லை அவள்

நான்கு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகலாம். புத்தகப் பையை மட்டும் தோழி தூக்கட்டும். சைக்கிள், நீச்சல், ஓட்டம் எல்லாம் டாக்டர் சொல்லும் மாதத்தில், ஒவ்வொன்றாக. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் பலர் விளையாட்டு மைதானத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பாசமுள்ள பெற்றோர் தடுமாறுகிறார்கள். டாக்டர் "ஓடலாம்" என்கிறார். அம்மா "வேணாம், உடைஞ்சிடும்" என்கிறார். டாக்டர் எதைச் செய்யலாம் என்கிறாரோ, அதை அவளே செய்யட்டும். தட்டை எடுக்கட்டும், துணி மடிக்கட்டும், தலையை அவளே பின்னிக்கொள்ளட்டும்.

நம் வேலூரிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். உங்கள் பிள்ளையின் பிரச்னையை விட எத்தனையோ மடங்கு பெரிய இழப்பு அது. ஆனாலும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவானதும் அவர் முயற்சியால்தான். சுற்றியிருந்தவர்கள் அவரை 'பாவம்' என்று மூலையில் உட்கார வைத்திருந்தால், அத்தனை கைகளும் மடங்கியே கிடந்திருக்கும்.

எக்ஸ்ரேயில் நேராகத் தெரிகிற முதுகு டாக்டர் கொடுத்தது. அதை நிமிர்த்திக்கொண்டு நாலு பேர் நடுவில் நடக்கிற தைரியம் நீங்கள் கொடுக்க வேண்டியது. அதற்கு அவளைத் தூக்கிச் சுமக்க வேண்டாம். பக்கத்தில் நடந்தால் போதும்.